கேபிள் அறுந்த பிறகு ஓடிய மைல்கள்

கார் நன்றாக ஓடுகிறது, ஆனால் ஸ்பீடோமீட்டர் முள் மட்டும் பூஜ்யத்திலேயே படுத்துக் கிடக்கிறது. பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த கோளாறு இது. பெரும்பாலும் கேபிள் அறுந்திருக்கும். புதிது வாங்கி மாட்டினால் தீர்ந்தது. இதில் வரலாறு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. போலீஸ், கோர்ட், ஏமாற்று வியாபாரம் எல்லாம் கலந்த வரலாறு. பி.காம். படிக்கிற எனக்கு அந்தக் கடைசி அயிட்டம்தான் ரொம்பப் பிடித்தது :-)

உதாரணத்துக்கு எம்ஜிபி காரை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் ஆபிங்டன் என்ற ஊரில் 1962 முதல் 1980 வரை தயாரான ஸ்போர்ட்ஸ் கார். எல்லா வகையும் சேர்த்து ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அதில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குத்தான் போனது. அதன் ஸ்பீடோமீட்டர் டயலில் 'ஸ்மித்ஸ்' என்ற பெயர் இருக்கும். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் 1904க்குப் போய்ச் சேரலாம்.

அதற்கும் கொஞ்சம் முன்னால் இருந்து ஆரம்பிப்போம். 1896 ஜனவரியில் கென்ட் பகுதியில் வால்டர் ஆர்னால்ட் என்பவர் மணிக்கு 8 மைல் 'வேகத்தில்' கார் ஓட்டிக்கொண்டு போனார். ஊருக்குள் அன்றைய வரம்பு 2 மைல். ஒரு கான்ஸ்டபிள் சைக்கிளில் துரத்திப் பிடித்தார். வேகத்துக்கான அபராதம் ஒரு ஷில்லிங். 1903ல் வந்த மோட்டார் கார் சட்டம் வரம்பை 20 மைலாக உயர்த்தியது. கூடவே ஒரு முக்கியமான நிபந்தனையும் போட்டது: ஒரே ஒரு சாட்சி 'வேகமாகப் போனார் என்று எனக்குத் தோன்றியது' என்று சொன்னதை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்கக் கூடாது.

நல்ல சட்டம்தான். ஆனால் போலீஸ் என்ன செய்தது? சாலையில் தூரத்தை அளந்து வைத்துக்கொண்டு, வேலிக்குப் பின்னால் ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்துவிட்டது. இந்தப் பொறிகளைப் பற்றி எச்சரிப்பதற்கென்றே கார்க்காரர்கள் 1905ல் ஆட்டோமொபைல் அசோசியேஷனைத் தொடங்கினார்கள். போலீஸ் கையில் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது, ஓட்டுபவர் கையில் ஒன்றுமே இல்லை. தான் எவ்வளவு வேகமாகப் போகிறோம் என்பது அவருக்கே தெரியாது!

ஜெர்மனியில் ஓட்டோ ஷுல்ட்ஸே 1902ல் காப்புரிமை எடுத்த கருவி இந்த இடத்தில்தான் உள்ளே வருகிறது. லண்டனில் கடிகாரத் தொழிலில் இருந்த ஸ்மித்ஸ் நிறுவனமும் 1904ல் ஸ்பீடோமீட்டர் விற்கத் தொடங்கியது. பிரிட்டனில் புதிய கார்களுக்கு அது கட்டாயமானது 1937 அக்டோபரில்தான். அதுவரை அது வாங்குபவரின் விருப்பம்.

ஷுல்ட்ஸேயின் யோசனை எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். சுழலும் ஒரு காந்தம். அதைச் சுற்றி, அதைத் தொடாமல், ஒரு அலுமினியக் கிண்ணம். காந்தம் சுற்றும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, கிண்ணமும் கூடவே சுற்றப் பார்க்கும். ஆனால் கடிகாரத்தில் இருப்பது போன்ற ஒரு மெல்லிய ஸ்பிரிங் அதை இழுத்துப் பிடிக்கிறது. காந்தம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவு தூரம் கிண்ணம் திரும்பும், அதோடு முள்ளும் திரும்பும். பேட்டரி வேண்டாம், கரண்ட் வேண்டாம். காந்தத்தைச் சுற்றிவிட ஒரு ஆள்தான் வேண்டும். அந்த ஆள்தான் நம் கேபிள். கியர்பாக்ஸிலிருந்து டேஷ்போர்டு வரை வளைந்து வளைந்து வரும் ஒரு குழாய், அதற்குள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு கம்பி. நம் ஊர் பைக்குகளில் முன் சக்கரத்திலிருந்து மேலே ஏறி வருமே, அதே குடும்பம்தான்.

எம்ஜிபியின் பிற்கால டயல்கள் பலவற்றில் 1280 என்று சின்னதாக ஓர் எண் இருக்கும். ஒரு மைலுக்குக் கேபிள் அத்தனை முறை சுற்ற வேண்டும் என்று அர்த்தம். ஐம்பதாயிரம் மைல் ஓடிய கார் என்றால் பெருக்கிப் பாருங்கள், 6 கோடியே 40 லட்சம் சுற்று. அறுந்துபோனதற்காக அதைத் திட்ட மனசு வரவில்லை.

மாற்றும் விதத்துக்கு வருவோம். முதலில் பார்க்க வேண்டியது ஓடோமீட்டர். முள் அசையவில்லை, ஆனால் மைல் எண்கள் ஏறுகின்றன என்றால் கேபிள் நன்றாகத்தான் இருக்கிறது, கோளாறு மீட்டருக்குள். இரண்டுமே நின்றிருந்தால் சந்தேகம் கேபிள் மேல். டேஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டு, மீட்டரின் பின்னால் இருக்கும் நட்டைக் கழற்றி, கம்பியை உருவ வேண்டும். பாதிதான் வருகிறது என்றால் மீதியை எடுக்க காருக்கு அடியில் படுத்து, கியர்பாக்ஸ் பக்கத்து நட்டையும் கழற்றியே ஆக வேண்டும்.

புதுசை மாட்டுவதற்கு முன்னால் மீட்டர் தடையில்லாமல் சுற்றுகிறதா என்று கையால் சுற்றிப் பார்ப்பது அவசியம். உள்ளே இறுகியிருந்தால் புதுக் கேபிளும் சீக்கிரமே அறுந்துவிடும். அறுந்தது நோயல்ல, அறிகுறி. புதுக் கம்பியில் கிரீஸ் கொஞ்சமாகத்தான் தடவ வேண்டும். மீட்டர் பக்கத்துக் கடைசி எட்டு அங்குலத்தைத் துடைத்துவிட வேண்டும். திருகிய கம்பி அல்லவா, ஸ்க்ரூ மாதிரி கிரீஸை மேலே ஏற்றிக்கொண்டு போய் மீட்டருக்குள் கொட்டிவிடும். குழாயை எங்கேயும் கூர்மையாக மடக்கக் கூடாது. மடக்கினால் முள் ஒரே இடத்தில் நிற்காமல் ஆட ஆரம்பிக்கும். எங்கள் வீட்டுப் பழைய ஸ்கூட்டரில் முள் 20க்கும் 40க்கும் நடுவே ஊஞ்சல் ஆடும், காரணம் இதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

வேலை முடிந்தது, முள் எழுந்துவிட்டது. ஆனால் கேபிள் அறுந்து கிடந்த நாட்களில் கார் ஓடிய மைல்கள் எங்கே? எங்கேயும் இல்லை. ஓடோமீட்டர் விட்ட இடத்திலிருந்துதான் எண்ணத் தொடங்கும். அக்கவுண்ட்ஸ் பாஷையில் சொன்னால், லெட்ஜரில் சில பக்கங்கள் கிழிந்துவிட்டன, ஆனால் பக்க எண்கள் மட்டும் வரிசையாக இருக்கின்றன.

இந்த ஓட்டையைப் பழைய கார் வியாபாரிகள் பார்க்காமல் இருப்பார்களா? நட்டை ஒரு திருகு திருகிக் கேபிளைக் கழற்றிவிட்டால் கார் எவ்வளவு ஓடினாலும் கணக்கில் ஏறாது. இன்னும் துணிச்சல்காரர்கள் கேபிளின் முனையில் மின்சார ட்ரில்லை மாட்டி, பின்னோக்கிச் சுற்றி, ஏறிய மைல்களை இறக்கினார்கள். ரால்ட் டாலின் 'மடில்டா' (1988) நாவலில் அவளுடைய அப்பா செய்யும் தில்லுமுல்லு இதுதான். நிறைய பேர் கார் வாங்கும்போது முதலில் பார்ப்பதே அந்த எண்ணைத்தான். அதை நம்பிக் கொடுத்த விலைதான் ஏமாந்த தொகை.

அமெரிக்க காங்கிரஸ் 1972ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. மைல் எண்ணை மாற்றும் நோக்கத்தோடு ஓடோமீட்டரைக் கழற்றுவது, மாற்றுவது, திருப்பி வைப்பது எல்லாம் குற்றம். விற்பவர் மைல் கணக்கை எழுத்தில் கொடுக்க வேண்டும். நேர்மையாக ரிப்பேர் செய்பவர்களையும் சட்டம் மறக்கவில்லை. ரிப்பேருக்குப் பிறகு ஓடோமீட்டரில் பழைய எண்ணைக் காட்ட முடியாவிட்டால் அதைப் பூஜ்யத்தில் வைத்து, பழைய எண்ணையும் தேதியையும் எழுதி இடது கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும். எனக்கு இந்த விதி ரொம்பப் பிடித்திருக்கிறது. பிழைத்திருத்தப் பதிவை இதைவிடத் தெளிவாக எந்த அக்கவுண்ட்ஸ் புத்தகமும் சொல்லவில்லை.

இன்றைக்கு எம்ஜிபி போன்ற கார்களுக்கு, வயதாகிவிட்டது என்பதால், அந்த எழுத்துக் கணக்கிலிருந்து அமெரிக்காவில் விலக்கு உண்டு. மேலும் ஓடோமீட்டரில் ஐந்து இலக்கங்கள்தான். 99,999 தாண்டினால் மறுபடி பூஜ்யம். 38,000 என்று காட்டினால் அது 38,000ஆ, 1,38,000ஆ என்று மீட்டரைப் பார்த்துச் சொல்லவே முடியாது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் மீட்டரை விட்டுவிட்டு பில்களைக் கேட்கிறார்கள். ஆயில் மாற்றியது, டயர் மாற்றியது என்று ஒவ்வொரு சர்வீஸ் பில்லிலும் மெக்கானிக் தேதியையும் மைலையும் குறித்திருப்பார். அதையெல்லாம் வரிசையாக அடுக்கிப் பார்ப்பார்கள். இரண்டு வருட இடைவெளியில் எழுதிய இரண்டு பில்களில் ஒரே மைல் எண் இருந்தால், கார் அந்த இரண்டு வருடமும் ஷெட்டில் தூங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் கேபிள் அறுந்திருக்க வேண்டும். எது என்று பார்க்க டயரைத் தடவிப் பார்ப்பார்கள்.