முட்டைக் கலமும் மூன்று தலைமுறையும்

ஒரு குழந்தையின் வரலாறு எங்கே தொடங்குகின்றது? பிறந்த நாளில் என்பர் பலர். கருவுற்ற நாளில் என்பர் சிலர். அறிவியலோ அதனைப் பாட்டியின் வயிற்றுக்கே கொண்டுசெல்கின்றது. இவ்வுண்மையை மனிதர் அறிந்துகொள்ள இரு நூற்றாண்டுகளுக்கு மேல் சென்றன.

உயிர்களெல்லாம் முட்டையினின்றே தோன்றுகின்றன என்னும் கருத்தை 1651ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி வெளியிட்டார். ஆயினும் பாலூட்டிகளின் முட்டையை அவர் கண்டாரல்லர். 1672இல் ஒல்லாந்து வைத்தியர் டி கிராப், சூலகத்திலுள்ள புடைப்புகளையே முட்டைகள் எனக் கருதினார். புடைப்பினுள்ளே மறைந்திருந்த உண்மையான முட்டையை 1827இல் வொன் பேயர் ஒரு நாயின் சூலகத்திலே கண்டறிந்தார். பெண்ணின் முட்டைகள் பிறப்பையொட்டிய காலத்திலேயே உருவாகி முடிகின்றன என 1870இல் ஜேர்மனியின் வால்டயர் கூறினார். அறிஞர் பெரும்பாலோர் கொள்கை இன்றும் அதுவே.

இவ்வறிவு தமிழுக்கும் விரைவில் வந்தது. மானிப்பாயில் வைத்தியக் கல்வியைத் தமிழிலே புகட்டிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், டால்டனின் உடற்றொழிலியல் நூலை 'மனுஷ சுகரணம்' என்னும் பெயரில் 1883இல் தமிழாக்கி வெளியிட்டார். இன்று ஆனையிறவுக்குத் தெற்கே, கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாணவரும் இப்பாடத்தைத் தமிழிலேயே கற்கின்றனர்.

அவர்கள் கற்பது யாது? தாயின் வயிற்றில் ஐந்து மாதம் வளர்ந்த பெண்சிசுவின் சூலகங்களில் அறுபது, எழுபது இலட்சம் முட்டைக் கலங்கள் உள்ளன. பிறக்கும்போது பத்து முதல் இருபது இலட்சமே எஞ்சும்; பூப்பெய்தும்போது மூன்று, நான்கு இலட்சம். அவற்றுள்ளும் வாழ்நாளில் முதிர்ந்து வெளிவருவன ஏறக்குறைய நானூறே. ஒவ்வொன்றும் ஒடுக்கற்பிரிவைத் தொடங்கி, இடையிலே நிறுத்தி, பல்லாண்டு காத்திருக்கின்றது. வெளிவரும் வேளையில் முதற் பிரிவு முடிகின்றது. விந்து உட்புகுந்தால் மாத்திரமே இரண்டாம் பிரிவு நிறைவுறும்.

வன்னி மக்களுக்கு இது வெறும் ஏட்டுப் பாடமன்று. 2009இல் போரினால் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாம்களில் தங்கியோருள் கர்ப்பிணிகளும் இருந்தனர். அவர்தம் வயிற்றிலிருந்த பெண்சிசுக்கள் இன்று பூப்பெய்திய நங்கையர். நாளை அவர்கள் ஈன்றெடுக்கும் பிள்ளைகளுக்குரிய முட்டைக் கலங்கள், தாய்மார் துன்புற்ற அந்நாட்களையொட்டியே தோன்றியவை.

எனவே, குடும்பநல உத்தியோகத்தர் ஒரு கர்ப்பிணியின் வீட்டுப் படலையைத் திறந்து செல்லும்போது, அவர் நலம் விசாரிப்பது ஒருவரையன்று. தாய், அவள் வயிற்றிலுள்ள மகள், அம்மகளுக்குப் பிறக்கவிருக்கும் பேரப்பிள்ளை என மூன்று தலைமுறையும் அவ்வீட்டிலே இருக்கக்கூடும். சூலுற்ற பெண்ணுக்கு உணவும் ஓய்வும் மன அமைதியும் அளித்தல் அவள் குடும்பத்தின் கடன் மட்டுமன்று, ஊரின் கடனுமாகும்.