பாதிப் புத்தகம்

நாங்கள் எட்டுப் பேர். எல்லோரும் பென்ஷன்காரர்கள். மாதத்தின் முதல் ஞாயிறு சாயங்காலம் யாராவது ஒருவர் வீட்டுத் தாழ்வாரத்தில் கூடி, அந்த மாதம் படித்த புத்தகத்தைப் பற்றிப் பேசுவோம். அந்தப் பேச்சு ஒரு மணி நேரம் என்றால், அடுத்த மாதம் எந்தப் புத்தகம் என்கிற வழக்கு ஒன்றரை மணி நேரம் நடக்கும்.

சென்ற மாதம் ஒரு நாவலை எடுத்துக்கொண்டோம். ஒரே பிரதிதான், கைமாற்றிப் படிக்க வேண்டும். முதலில் படித்த நண்பர் சொன்னார்: “கதை அருமை. ஆனா நடுவுல நாலு அத்தியாயம் ஒரு மாதிரி. வீட்டுல பேத்திங்க எடுத்துப் புரட்டும். அந்தப் பக்கங்களுக்கு கிளிப் போட்டுடறேன். கதைக்கு ஒண்ணும் பாதகமில்லை.” நான் தலையாட்டினேன். முப்பத்து மூன்று வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன், கிளிப் என்றால் கை தானாக நீளும். எங்களில் ஒருவரான டீச்சரம்மா மட்டும் கேட்டார்: “பாதகமில்லைன்னு நீங்க முழுசாப் படிச்சுட்டுத்தானே சார் சொல்றீங்க?”

யாரும் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. எனக்கு ரிச்சர்ட் ரைட் ஞாபகம் வந்துவிட்டது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பதினேழு வயதில் எங்கள் வாத்தியார், நாங்கள் ‘முசே’ என்று அழைத்தவர், அட்டை கிழிந்த ஒரு புத்தகத்தைக் கொடுத்தார். ரைட்டின் சுயசரிதை ‘ப்ளாக் பாய்’, 1947இல் வந்த பிரெஞ்சு மொழிபெயர்ப்பு. மிசிசிப்பியில் 1908இல் பிறந்த ஒரு கறுப்பினச் சிறுவனின் பசியும் அடியும் அவமானமும்தான் கதை. அதில் ஒரு இடத்தை இன்றுவரை மறக்கவில்லை. மெம்பிஸ் நகரப் பொது நூலகத்தில் கறுப்பர் புத்தகம் எடுக்க முடியாது. ரைட் தன்னோடு வேலை செய்த ஒரு வெள்ளைக்காரரின் நூலக அட்டையை வாங்கிக்கொள்கிறார். அவரே எழுதிக் கொடுத்ததுபோல ஒரு பொய்ச் சீட்டு எழுதி, எடுபிடிப் பையனாக நடித்துப் புத்தகம் வாங்கி வருகிறார். புத்தகத்தின் முடிவில் வடக்கே சிகாகோவுக்கு ரயில் ஏறுகிறார். அப்பாடா, பிழைத்தார் என்று நானும் மூடி வைத்தேன்.

நான் மூடி வைத்தது பாதிப் புத்தகம் என்பது தெரிய எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

மாதம் ஒரு புத்தகம் என்பதை அமெரிக்காவில் பெரும் தொழிலாகவே நடத்தினார்கள். விளம்பரத் துறையில் இருந்த ஹாரி ஷெர்மன் 1926இல் நியூயார்க்கில் ‘புக் ஆஃப் தி மந்த் கிளப்’பைத் தொடங்கினார். அங்கே பல சிற்றூர்களில் புத்தகக் கடையே கிடையாது, ஆனால் தபால் போகாத ஊர் இல்லை. ஐந்து நடுவர்களை நியமித்தார். பேராசிரியர் ஹென்றி சைடல் கேன்பி தலைவர். நாவலாசிரியை டாரதி கேன்ஃபீல்ட் ஃபிஷர் ஒருவர். கிறிஸ்டோபர் மோர்லி, ஹேவுட் பிரவுன், வில்லியம் ஆலன் ஒயிட் மற்ற மூவர். பதிப்பாளர்கள் அச்சுக்கு முந்தைய படிகளை அனுப்புவார்கள். நடுவர்கள் மாதம் ஒரு முறை கூடி விவாதித்துத் தேர்ந்தெடுப்பார்கள். முதல் தேர்வு, சில்வியா டவுன்சென்ட் வார்னரின் ‘லாலி வில்லோஸ்’. அண்ணன் வீட்டில் அடங்கிக் கிடந்த கல்யாணமாகாத பெண் கிராமத்துக்குப் போய் சூனியக்காரி ஆகிற கதை. அது 4,750 பேருக்குப் போனது. அந்த ஆண்டு முடிவதற்குள் உறுப்பினர்கள் 40,000க்கு மேல்.

கூட்டம் பெருகியதும் அந்த ஐந்து பேரின் தலையசைப்புக்கு விலை ஏறியது. தேர்வானால் ஒரே நாளில் லட்சக்கணக்கில் பிரதிகள். அதற்காகப் பதிப்பாளரும் எழுத்தாளரும் எதையும் யோசிக்க வேண்டியதாயிற்று.

ரைட்டின் ‘நேட்டிவ் சன்’ நாவல் 1939இல் கிளப்பின் பார்வைக்கு வந்தது. சிகாகோவில் ஒரு கறுப்பின இளைஞன் தன் முதலாளியின் மகளைத் தற்செயலாகக் கொன்றுவிடுகிற கதை. நடுவர்களுக்குப் பிடித்தது, ஆனால் சினிமாக் கொட்டகையில் நடக்கும் ஒரு பகுதி ஆபாசம் என்றார்கள். ரைட் திருத்திக் கொடுத்தார். 1940 மார்ச்சில் நாவல் வந்தது, மூன்று வாரத்தில் 2 லட்சத்துக்கும் மேல் விற்றது. கறுப்பின எழுத்தாளர் ஒருவரின் புத்தகத்தை அந்த கிளப் தேர்ந்தெடுத்தது அதுவே முதல் முறை. ஆனால் அந்தப் பெண்ணை அவன் முதன்முதலில் நியூஸ்ரீலில் பார்க்கிற இடமும் திருத்தத்தோடு போய்விட்டது. கதையின் ஒரு ஆணிவேரே அது.

அடுத்தது சுயசரிதை. ரைட் அதற்கு முதலில் வைத்திருந்த பெயர் ‘அமெரிக்கன் ஹங்கர்’. இரண்டு பாகம். முதல் பாகம் தெற்கில் கழிந்த இளமை. இரண்டாம் பாகம் சிகாகோ: அங்கேயும் பசி, அங்கேயும் நிறவெறி, ஆஸ்பத்திரியில் கூலி வேலை, கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்து முறித்துக்கொண்டது. 1944இல் கிளப் முதல் பாகம் மட்டும் போதும் என்றது. ரைட் ஒத்துக்கொண்டார். ஃபிஷர் அம்மையார் இன்னொன்றும் கேட்டார். இவருக்கு நம்பிக்கை வந்ததில் அமெரிக்க லட்சியங்களுக்கும் பங்கு உண்டு என்று முடிவில் சேர்க்க முடியுமா என்று மரியாதையாகவே கடிதம் எழுதினார். புதிய முடிவு எழுதிக் கொடுத்த ரைட், அங்கே மட்டும் வளையவில்லை. தனக்கு நம்பிக்கை தந்தவை தான் படித்த புத்தகங்களே என்று எழுதினார்.

‘ப்ளாக் பாய்’ 1945இல் வந்து பெரும் புகழ் பெற்றது. ரைட் பாரீசுக்குக் குடிபெயர்ந்து 1960இல் அங்கேயே இறந்தார். வெட்டிய பாகம் தனிப் புத்தகமாக வந்தது 1977இல். இரண்டு நூல்களும் அவர் எழுதியபடி முழுதாக வந்தது 1991இல்தான்.

ஃபிஷர் அம்மையாரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ‘நேட்டிவ் சன்’ நூலுக்கு முன்னுரை எழுதியவரே அவர்தான். அந்த கிளப் இல்லாவிட்டால் பல ஊர்களில் ரைட்டின் பெயரே தெரிந்திருக்காது. நல்ல மனசோடுதான் வெட்டினார்கள். எங்கள் நண்பரும் நல்ல மனசோடுதான் கிளிப் போட்டார். ஆனால் வெட்டிய கதை, ரயில் ஏறினால் துன்பம் தீர்ந்தது என்று வாசகனிடம் சொல்லிவிட்டது. புதுச்சேரியில் பதினேழு வயதில் நானும் அதை நம்பினேன். பொய்ச் சீட்டு எழுதிப் புத்தகம் எடுத்துப் படித்த மனுஷருடைய புத்தகத்தையே எங்களுக்குப் பாதிதான் கொடுத்தார்கள்.

இந்த ஞாயிறு புத்தகம் என் முறைக்கு வந்தது. நண்பருக்குப் போன் செய்து, “சார், கிளிப்பை எடுத்துடறேன், கோவிச்சுக்காதீங்க” என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பேத்தி கைக்கு எட்டாம வச்சுக்கோங்க” என்றார். வைத்துக்கொள்கிறேன் என்றேன்.

நாலு அத்தியாயத்தையும் படித்துவிட்டேன். கதாநாயகி ஏன் கடைசியில் வீட்டைவிட்டுப் போகிறாள் என்பது அங்கேதான் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் டீச்சரம்மாவை முதலில் பேசச் சொல்லப் போகிறேன்.