போலா புயல் (1970)

1970 நவம்பர் 12 இரவு, அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் (இன்றைய வங்கதேசம்) கழிமுகத் தீவுகளைத் தாக்கிய புயல். இறந்தவர்கள் மூன்று முதல் ஐந்து லட்சம் பேர் என மதிப்பிடப்படுகிறது; பதிவான வெப்பமண்டலப் புயல்களில் இத்தனை உயிர்களைக் குடித்தது வேறில்லை. பேரழிவுக்கு உள்ளான போலா தீவின் பெயரே புயலுக்கும் நிலைத்துவிட்டது.

பசிபிக்கில் தோன்றி மலாய் தீபகற்பத்தைத் தாண்டிவந்த ‘நோரா’ புயலின் மிச்சமும் இதன் பிறப்பில் கலந்திருந்தது. நவம்பர் 8இல் வங்காள விரிகுடாவில் உருக்கொண்டு, வடக்கே நகர்ந்து, மணிக்கு 185 கி.மீ. காற்று வேகத்தை எட்டியது. ஆனால் கொன்றது காற்றல்ல, கடல். விரிகுடாவின் வடமுனை புனல்போலக் குறுகுவது, ஆழமும் குறைவு. புயல் தள்ளிவந்த நீர் பரவ இடமின்றி மேலே எழும்பியது. அது கடல் ஏற்றத்தின் நேரம் வேறு. கடல்மட்டத்தைவிடச் சற்றே உயர்ந்த வண்டல் தீவுகளில், உறங்கிக்கொண்டிருந்த ஊர்களை நீர் மூடியது. தாஜுமுத்தீன் வட்டாரத்தில் மட்டும் மக்களில் 45 விழுக்காட்டினர் மாண்டனர்.

பிழைத்தவர்களைப் பரிசோதித்த மருத்துவர்கள், பலருடைய முன்கைகளிலும் மார்பிலும் தொடைகளின் உட்புறத்திலும் ஒரேமாதிரியான சிராய்ப்புகளைக் கண்டனர். வெள்ளம் இழுத்துப்போகாமல் மரத்தைக் கட்டிப்பிடித்துக் கிடந்ததால் வந்த காயங்கள் அவை. அந்தப் பலம் இல்லாத குழந்தைகளும் முதியோருமே அதிகம் இறந்தனர். பெண்களைவிட ஆண்கள் கூடுதலாகத் தப்பினர்.

புயல் வருவது யாருக்கும் தெரியாமல் இல்லை. செயற்கைக்கோளும் காக்ஸ் பஜார் ராடாரும் அதைக் கண்டிருந்தன. சுமார் 90 விழுக்காடு மக்களுக்குச் செய்தி எட்டியதாகவும், உறுதியான கட்டடங்களில் ஒதுங்கியவர்கள் சுமார் 1 விழுக்காடே என்றும் பின்னர் கணக்கிடப்பட்டது. இதை மக்களின் அலட்சியம் என்பது நியாயமில்லை. கூரை வீடுகள் நிறைந்த தீவில் ஓடி ஒதுங்க எங்கே போவது?

நிவாரணம் மந்தமாக வந்ததால் பாகிஸ்தான் அதிபர் யாஹ்யா கானின் ஆட்சிமீது கோபம் மூண்டது. டிசம்பரில் தொடங்கிய தேர்தலில் ஷேக் முஜிபுர் ரகுமானின் அவாமி லீக், கிழக்கின் 162 பொதுத் தொகுதிகளில் 160ஐ வென்றது. புயல் பாதித்த தொகுதிகளில் மட்டும் வாக்குப்பதிவு ஜனவரிக்குத் தள்ளிப்போனது. பின்னர் கிழக்கு தனிநாடானதை வைத்து, புயல்தான் வங்கதேசத்தைப் பெற்றெடுத்தது என்பது மிகை. மேற்குப் பாகிஸ்தானுடனான மொழிப் பிணக்கும் பொருளாதாரப் புறக்கணிப்பும் பழையவை. புயல் அவற்றை விசிறிவிட்டது.

1972இல் வங்கதேச அரசும் செஞ்சிலுவைச் சங்கமும் புயல் ஆயத்தத் திட்டத்தைத் தொடங்கின. ஊர்த் தன்னார்வலர்கள் ஒலிபெருக்கியோடு எச்சரித்தனர். பலன் உடனே கிட்டவில்லை. 1991 புயலில் சுமார் 1,38,000 பேர் இறந்தனர். அதன்பிறகே கான்கிரீட் தூண்கள்மேல் நிற்கும் புகலிடங்கள் பெருமளவில் எழுந்தன. 2007இல் வந்த ‘சிட்ர்’ கடும்புயல்தான் என்றாலும், வங்கதேசத்தில் இறந்தவர்கள் சுமார் 3,400 பேர்.