ஈரல் நொதியம் கூடினால் குடிப்பழக்கம்தானா?

எஸ்.ஜி.பி.ரி, எஸ்.ஜி.ஓ.ரி என்பவை ஈரல் கலங்களுக்குள் இருக்கும் நொதியங்கள். கலம் சேதமடைந்தால் குருதிக்குள் கசியும். பெரும்பாலான ஆய்வுகூடங்களில் மேல் எல்லை லீற்றருக்கு 40 அலகு அளவில் இருக்கும்.

அறிக்கையில் அளவு கூடினால் வீட்டார் முதலில் சந்தேகிப்பது சாராயத்தைத்தான். குடிக்காத பெண்களுக்கும் கூடுகிறது. சீனி வருத்தத்தோடும் உடற்பருமனோடும் வரும் கொழுப்பு ஈரல், டெங்கு, வைரஸ் மஞ்சட்காமாலை எல்லாம் காரணமாகலாம். எஸ்.ஜி.ஓ.ரி தசையிலும் உண்டு. கடும் உடலுழைப்புக்குப் பிறகும் உயரும்.

நான் முதலில் கேட்பது குளிசைகளைப் பற்றி. போர்க்காயத்தோடும் உடலில் தங்கிய எறிகணைத் துண்டுகளோடும் வாழ்பவர்கள் வலிக்காக ஆண்டுக்கணக்கில் டைக்ளோபெனாக், பரசிற்றமோல் எடுக்கிறார்கள். இரண்டும் ஈரலைப் பாதிக்கலாம். 500 மில்லிகிராம் பரசிற்றமோல் வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 8க்கு மேல் கூடாது. மெலிந்தவர்களுக்கும் குடிப்பவர்களுக்கும் அதிலும் குறைவு. தடிமன் குளிசைகள் பலவற்றிலும் அது கலந்திருக்கிறது, அதையும் சேர்த்து எண்ணுங்கள். நாட்டு மருந்து எடுத்தால் மறைக்காமல் சொல்லுங்கள், யாரும் ஏசமாட்டார்கள்.

கசநோய் மருந்துகளில் ஐசோனியசிட், றிபாம்பிசின், பிரசினமைட் மூன்றும் நொதியத்தைக் கூட்டலாம். சிறு உயர்வுக்குப் பயந்து தாமாக நிறுத்தினால் கசநோய் மருந்துக்குக் கட்டுப்படாமல் போய்விடும். கண் மஞ்சளித்தாலோ வாந்தி ஓயாவிட்டாலோ மாத்திரம் நிறுத்திவிட்டு, அன்றே மார்புநோய் சிகிச்சை நிலையத்துக்குப் போங்கள்.

அளவு சரியாக இருந்தாலும் ஈரல் நலம் என்று சொல்லிவிட முடியாது. முற்றிய சிரோசிஸில் நொதியம் வழமையாகவே இருக்கக்கூடும். ஈரலின் வேலைத்திறனை அறிய அல்புமின், பிலிருபின், குருதி உறையும் நேரம் ஆகியவற்றையும் பார்க்கவேண்டும்.