விரிசல் விட்ட அவகாசம்

2021 டிசம்பர் 26, ஞாயிறு இரவு. சென்னை திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சுவர்களில் விரிசல் தெரிந்தது. மறுநாள் காலை அது இன்னும் விரிய, குடியிருந்தவர்கள் குழந்தைகளையும் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு வெளியேறினார்கள். பத்தரை மணி வாக்கில் 24 வீடுகளும் மொத்தமாகச் சரிந்தன. பண்டபாத்திரம் எல்லாம் போனது. ஓர் உயிர்கூடப் போகவில்லை!

1993-ல் குடிசை மாற்று வாரியம் கட்டிய கட்டடம் அது. வயது 28தான். நூறு வருடம் தாண்டிய செட்டிநாட்டு வீடுகள் இன்னும் நிற்கிற நாட்டில் இதை வயதான கட்டடம் என்று சொல்ல முடியாது. அரசு ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு லட்ச ரூபாய் அறிவித்தது. ஒரு வீட்டுச் சாமானை மறுபடி வாங்க அது எத்தனை நாள் வரும் என்பது வேறு கணக்கு.

எல்லா விரிசலும் ஆபத்தில்லை. பூச்சில் தலைமுடி போல ஓடும் கோடுகள் பெரும்பாலும் சிமெண்ட் காயும்போது சுருங்கியதால் வருபவை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக, செங்கல் இணைப்புகள் வழியே படிக்கட்டு போல ஏறும் விரிசல்தான் கவலைக்குரியது. அஸ்திவாரத்தின் ஒரு பக்கம் மட்டும் இறங்குகிறது என்று அதற்கு அர்த்தம். போன வருடம் சரியாக மூடிய கதவு இப்போது நிலையில் இடிக்கும். கடலோர ஊர்களில் இன்னொரு தொல்லை உண்டு. உப்புக்காற்றில் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து, பருத்து, கான்கிரீட்டைப் பிளக்கும்.

விரிசல் நின்றுவிட்டதா, நகர்கிறதா என்று பார்க்கப் பழைய வழி ஒன்று இருக்கிறது. அதன் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டைச் சிமெண்ட் வைத்து ஒட்டிவிடுவார்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது.

மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் கரிசல் மண்ணில் இந்தத் தொல்லை அதிகம். ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1950-களிலேயே இதற்கு வழி சொன்னது. ஈரம் மாறாத ஆழம் வரை, சுமார் மூன்றரை மீட்டர் துளையிட்டு, அடியில் குமிழ் போல அகலப்படுத்தி கான்கிரீட் நிரப்புவது. குமிழின் அகலம் தண்டைப்போல இரண்டரை மடங்கு. செலவு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

ஆனால் எல்லோருக்கும் திருவொற்றியூர் மக்களுக்குக் கிடைத்த அவகாசம் கிடைப்பதில்லை. 2014 ஜூன் 28 மாலை, மழையில், மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கட்டட வேலையாட்கள். பக்கத்திலிருந்த இரண்டாவது கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். சில வினாடிகளில் முடிந்தது.

மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 விடியுமுன், கனமழையில், சுமார் 20 அடி உயரக் கருங்கல் சுற்றுச்சுவர் ஓட்டு வீடுகள் மேல் விழுந்தது. 17 பேர் தூக்கத்திலேயே போனார்கள். அவர்கள் வீட்டுச் சுவர் இல்லை அது. அதற்கு அந்தப் பக்கம் மண்ணும் தண்ணீரும் எப்படி இருக்கிறது என்று கீழே படுத்திருந்தவர்கள் பார்க்க வழியே இல்லை.