செவ்வரக்கும் மரப்பூச்சும்

மரத்தாற் செய்த பொருள்களைப் பேசும் பழந்தமிழ்ப் பாட்டுகள் பல. அம்மரத்தின்மேற் பூசிய பூச்சினைப் பேசுவன மிகச் சில. அச்சிலவற்றுள் நெடுநல்வாடை தலைமையானது. கொடியுயர்த்த யானை புகத்தக்க அரண்மனை வாயிலைப் புனையுமிடத்து நக்கீரர், பருத்த இரும்பாற் பிணித்துச் செவ்வரக்கு வழித்த இரட்டைக் கதவினையும், நெய்யும் வெண்சிறுகடுகும் அப்பிய நெடுநிலையினையும் அடுத்தடுத்து வைக்கின்றார். உ. வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டினை அச்சேற்றிய பின்னர் இப்பகுதி பலராலும் பயிலப்பட்டு வருகின்றது. எனினும் கதவிற்பூசிய செவ்வரக்கு யாது என்பது ஆராயப்படல் வேண்டும்.

அதனைச் சாதிலிங்கம் எனப் பொருள் கொண்டாரும் உளர். சாதிலிங்கம் பாதரசமும் கந்தகமும் கூடிய செந்நிறத் துகள். பற்றுப்பொருள் ஒன்று கூடினாலன்றி மரத்தில் நில்லாது. அரக்கோ தானே நிறமும் தானே பற்றுமாவது. குறிஞ்சிப்பாட்டில் மலரின் செம்மைக்கு அரக்கு உவமையாதலின், செந்நிறத்திற்காகச் சாதிலிங்கத்தை நாடவேண்டிய இன்றியமையாமை இல்லை. ஒருகால் சாதிலிங்கமே கூடியிருப்பினும், அது அரக்கிற் குழைத்த வண்ணமாதல் கூடும். முத்திரையரக்கு செய்வோர் கையாண்ட முறையும் அதுவே. ஆகவே சொல்லுக்கு அதன் நேர்ப்பொருளையே கொள்ளுதல் சாலும் என்பது எம் கருத்து.

நிலைக்கு இட்ட நெய்யினை மரக்காப்பு எனக் கொள்ளுதல் பொருந்தாது. ஆளிவிதை எண்ணெய் போலக் காற்றுப்பட்டு இறுகும் இயல்பு நெய்க்கு இல்லை. கடுகொடு சேர்த்து அப்பியது வாயிலுறை தெய்வத்திற்கு ஆற்றிய வழிபாடு. கதவிற் பூசியதே தச்சுத் தொழிலின் பாற்படும்.

அரக்கு, புரசு, இலந்தை, பூவம் முதலிய மரக்கொம்புகளில் ஒருவகைச் சிறுபூச்சி சுரக்கும் பிசின். கொம்போடு எடுப்பது கொம்பரக்கு. நீரிற் கழுவிச் சாயம் நீக்கி, உருக்கி, மென்தகடாக இழுத்து உடைப்பது அவலரக்கு. அம்பாசமுத்திரத்துக் கடைசற்காரர் சுழலும் மரத்தில் அரக்குக் கட்டியை அழுத்துவர். உராய்வின் சூட்டில் அரக்கு இளகிப் படியும். சென்னபட்டணத்துக் கடைசலில் அதன்மேல் தாழையோலை கொண்டு தேய்த்து மெருகேற்றுவர்.

ஈண்டு நோக்கத்தக்கது ஒன்று உண்டு. பண்டையோர் விழைந்தது நிறம். பின்னையோர் விழைந்தது நிறமின்மை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் செயற்கைச் சாயங்கள் தோன்றவே அரக்குச் சாய வணிகம் வீழ்ந்தது. சாராயத்திற் கரைத்துத் துணிப்பொதியால் தேய்க்கும் பிரெஞ்சு மெருகு பரவவும், பிசினே முதற்பொருளாயிற்று. இராஞ்சியை அடுத்த நாம்கும்மில் 1924இல் அரக்காராய்ச்சி நிலையம் அமைந்ததும் இவ்வணிகத்தின் பொருட்டேயாகும்.

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று. சவ்வாது மலையடிவாரத்து ஒடுகத்தூரில் இன்று ஒருவர் வரியழகு மிக்க பலகையொன்றை மேடைப்பலகையாக அமைத்து, அவ்வழகு மறையாவண்ணம் தெளிந்த பூச்சிட விழைவாராயின், தனி அரக்கு அவர்க்கு உதவாது. ஏறத்தாழ 75 பாகை செல்சியசில் அஃது இளகும். சுடுகலம் வைப்பின் வெண்டழும்பு படும். சாராயம் சிந்தின் கரையும். கதவிற்கு ஏற்றது அடுகலம் வைக்கும் மேடைக்கு ஏலாது. எப்பாக்சி தடித்த கண்ணாடி போல் விளங்கினும் வெயிலில் மஞ்சளிக்கும், சூட்டிற்கும் நெகிழும். 1937இல் செருமானியர் ஆட்டோ பேயர் கண்ட பாலியூரித்தேன் வகையுள், இரு கூறாக வந்து கலந்து இறுகுவதே இப்பணிக்குத் தக்கது. மெல்லிய பூச்சுகள் மூன்று நான்கு இடுதலும், இடையிடையே நுண்மணல் தாளால் தேய்த்தலும், பலகை கோணாவாறு அடிப்புறமும் பூசுதலும் வேண்டும்.

அங்ஙனமாயினும் அரக்கு முற்றும் விலகிற்றில்லை. மெழுகு நீக்கிய அவலரக்கினை அடிப்பூச்சாக இட்டு அதன்மேல் பாலியூரித்தேன் பூசுவார் உளர். மெழுகு நீக்காவிடின் மேற்பூச்சுப் பற்றாது உரியும்.