ஐநூறு காப்பி

எங்க ஊர் காரியாபட்டியில் பத்திரிகை, நோட்டீஸ் எது அடிக்கணும்னாலும் சிவகாசிக்கு பஸ் ஏறிடுவோம். அக்கா கல்யாணப் பத்திரிகைக்கு அப்பாவோடு போனது ஞாபகம் இருக்கு. இருநூறு போதும்னு அப்பா சொன்னார். அச்சகக்காரர் சிரித்தார். "பிளேட்டுக்கு ஆகுற செலவு ஒண்ணுதாண்ணே. இருநூறுக்கும் ஐநூறுக்கும் பேப்பர் காசுதான் வித்தியாசம்."

சமீபத்தில் ஒரு இசைத்தட்டின் கதையைத் தேடிப் படித்தபோது அந்த ஐநூறு மறுபடியும் வந்து நின்றது. 2003-இல் லண்டனில் ஷோபிஸ் ரெக்கார்ட்ஸ் என்ற சின்ன கம்பெனி 'கலாங்' என்ற பாட்டை வெளியிட்டது. அடித்தது 500 காப்பி. பாடியவர் எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி அருள்பிரகாசம். ஈழத்தமிழர். அதுதான் அவருடைய முதல் சிங்கிள்.

கேட்டுப் பார்த்தால் இது பங்க் ராக் மாதிரி இருக்காது. கிடார் இரைச்சலுக்குப் பதிலா மெஷின் தாளம். ஆனா வம்சாவளியைப் பிடிச்சுப் போனா பங்க்கில்தான் போய் நிற்கும்.

1977 ஜனவரியில் மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' என்ற தங்கள் முதல் தட்டைத் தாங்களே வெளியிட்டது. நாலு பாட்டு. கடன் வாங்கிய 500 பவுண்ட். முதல் தவணை 1,000 காப்பி. இசைத்தட்டும் ஆஃப்செட் மாதிரிதான். லாக்கர் தட்டில் வரி வெட்டி, அதன்மேல் நிக்கல் முலாம் ஏற்றி, அச்சு எடுக்கும் வரைக்கும்தான் பெரிய செலவு. அதுக்கப்புறம் சூடான பிளாஸ்டிக்கை அழுத்த வேண்டியதுதான். பெரிய கம்பெனியின் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டாம் என்பதைப் பலருக்கும் புரிய வைத்தது அந்தத் தட்டு.

அதே 1977-இல் முதல் ஆல்பம் போட்ட இன்னொரு குழு வயர். 90-களில் வந்த எலாஸ்டிகா, வயரின் மெட்டை எடுத்துக்கொண்டதாக வழக்கு வந்து சமரசம் ஆகுற அளவுக்கு அவர்களின் வாரிசு. எலாஸ்டிகாவின் பாடகி ஜஸ்டின் ஃப்ரிஷ்மன், மாதங்கியின் தோழி.

மாதங்கி 1975-இல் லண்டனில் பிறந்தவர். கைக்குழந்தையா இலங்கைக்குப் போனார். போர் துரத்த, 1986-இல் அம்மா, அக்கா, தம்பியோடு அகதியாக லண்டனுக்கே திரும்பினார். படித்தது சினிமா, செய்தது ஓவியம். 2000-இல் வந்த எலாஸ்டிகா ஆல்பத்துக்கு அட்டைப்படம் செய்தார். பிறகு அவர்களின் சுற்றுப்பயணத்தைப் படம் பிடிக்கப் போனார். அங்கேதான் பீச்சஸ் என்ற பாடகி அவருக்கு ரோலண்ட் எம்.சி.-505 பெட்டியை அறிமுகப்படுத்தினார். தாளம், பேஸ், சின்த் எல்லாம் ஒரே பெட்டிக்குள்ள. கிடார் கத்துக்க வேண்டாம், ஆள் சேர்க்க வேண்டாம். முறையா சங்கீதம் படிக்காத ஒருத்தருக்கு அது போதுமானதாக இருந்தது.

அந்தப் பழக்கத்தில் பிறந்த 'கலாங்'கை ஃப்ரிஷ்மன், ராஸ் ஆர்டன், ஸ்டீவ் மேக்கி ஆகியோருடன் சேர்ந்து முடித்தார். 500 தட்டுகள் கிளப் டிஜேக்களிடம் போயின. பாட்டு இணையத்தில் கைமாறியது. எக்ஸ்எல் கம்பெனி ஒப்பந்தம் போட்டு 2004-இல் அதையே மறுபடி வெளியிட்டது. 2005-இல் முதல் ஆல்பம் 'அருளர்'. ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான, பெரும்பாலும் வீட்டில் இல்லாத அப்பாவின் இயக்கப் பெயர் அது.

அவரை உலகம் முழுக்கக் கொண்டுபோன 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டின் அடியில் ஓடுவது, பங்க் குழுவான தி கிளாஷ் 1982-இல் போட்ட 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' பாட்டின் இசை. புலம்பெயர்ந்தவர்களைப் பற்றி வெள்ளைக்காரர்கள் எழுதிய பாட்டு அது. கால் நூற்றாண்டு கழித்து அதே மெட்டின் மேல் புலம்பெயர்ந்தவரே பாடினார்.

பங்க் நம்ம ஆட்களுக்குச் சம்பந்தமில்லாத சமாச்சாரம்னு ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். அதன் சத்தத்தை மட்டும் வைத்து எடைபோட்டதால் வந்த தப்பு. அதன் சாரம் அந்த அச்சகக்காரர் போட்ட கணக்கில் இருக்கு: முதல் பிளேட்டுக்கு மட்டும் எப்படியாவது காசு புரட்டிட்டா, மிச்சம் பேப்பர் காசுதான்.